புகைபோக்கிக்கு நேராக

வலை இருக்க வேண்டிய இடத்தில் வலை இல்லை.

பாதாளக்கரண்டியின் கொக்கிகளை மறுபடியும் தண்ணீருக்குள் விட்டு, கயிறு விறைக்கிற வரைக்கும் இழுத்துப் பார்த்தார் அவர். கொத்தாகப் பாசி வந்தது. அதற்கு முன்னால் யாரோ எறிந்த சைக்கிள் டயர் வந்தது. வலை மட்டும் வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் பின்னால விடு” என்றார்.

அவள் துடுப்பைத் தண்ணீரில் லேசாக ஊன்றிப் படகைப் பின்னால் விட்டாள். வானம் ஈயம் பூசியது போல இருந்தது. காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கழுத்தில் தடவியது. அவர் கரையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடியும் கரையைப் பார்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிப் படகுக்குள் போட்டார்.

“எடுத்துட்டாங்க” என்றார்.

அவள் படகைக் கரைப் பக்கம் திருப்பினாள்.

இந்த ஏரியில் யாரும் வலைக்கு மேலே மிதப்பு விட்டு வைப்பதில்லை. தண்ணீருக்கு மேல் தெரிந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் தூக்கிப் பார்ப்பான். அதனால் சாயங்காலம் வலையை முழுக்க அடியில் இறக்கிவிட்டு, இடத்தை ‘நேர்’ பிடித்து மனதில் வைத்துக்கொள்வார்கள். கரையில் இருக்கிற ஒரு பொருளும் அதற்குப் பின்னால் தூரத்தில் இருக்கிற இன்னொரு பொருளும் ஒன்றை ஒன்று மறைத்தால் ஒரு நேர். அதேபோல் வேறொரு பக்கம் இன்னொரு நேர். இரண்டும் ஒருசேரக் கூடுகிற இடத்தில் வலை. யாருக்கு எது நேர் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கும் அவர் முழுசாகச் சொன்னதில்லை, வாயில் வருவது காதில் விழும், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அவர் படகின் பின்பலகையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் தலைக்கு மேலாகப் போகிற திசையைப் பார்ப்பார். முகவாயை இந்தப் பக்கம் இழுத்தால் இந்தத் துடுப்பு, அந்தப் பக்கம் இழுத்தால் அந்தத் துடுப்பு. கல்யாணமான புதிதில் ஏறி உட்கார்ந்த பலகை. மகள் பிறந்து வளர்ந்து வேறு ஊருக்கு வாக்கப்பட்டுப் போன பிறகும் அதே பலகை. எந்தப் புருஷன் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும். ஆசையினால் அல்ல, பலகையை அப்படிப் போட்டிருந்தார்கள்.

அந்த முகத்தில் முந்தின நாள் சாயங்காலம் கண்டதுதான் இப்போது அவளை உறுத்தியது. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் துடுப்புப் போட்டது போலத் தோள் கடுத்தது. எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டாள். அவர் கண்ணைச் சுருக்கி அவள் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே வந்து, திடீரென்று முகம் தெளிந்து, “ஆங், புகைபோக்கி வந்துருச்சு. மலைப்பள்ளத்துக்கு நேரா நிக்குது. நிறுத்து” என்றார். அவளும் நிறுத்தினாள். வலை இறங்கியது.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் அந்தச் சொல் அவளுக்கு உறைத்தது. செங்கல் சூளைப் புகைபோக்கியைக் கோடையிலேயே இடித்துவிட்டார்கள். அது சாய்ந்தபோது இரண்டு பேரும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். புழுதி அடங்கியதும், “போச்சு, இனி வேற நேர் பாக்கணும்” என்று அவர்தான் சிரித்தார். பிறகு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த்தொட்டியைப் பிடித்துக்கொண்டார். இன்று காலையிலும் அந்தத் தொட்டியை வைத்துத்தான் இங்கே வந்து தேடினார்.

காலை நேரத்தில் அவர் சரியாகத்தான் இருந்தார். வெயில் சாயும்போதுதான் அவர் நினைப்பு எங்கோ போய்விடும்.

வாய்தவறி வந்த சொல்லாக இருக்கும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். கரை வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே துடுப்புப் போட்டாள்.

*

கரையில் மீன் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கொட்டகை வாசலில் ஈரச் சாக்குகள் கிடந்தன. நீர்க்காக்கை தன் படகுக்குள் நின்று தகர டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் மூச்சடக்கி இருப்பதில் அவனுக்கு ஈடு கிடையாது. அந்தத் திறமையை வைத்து அடுத்தவன் வலையிலிருந்து மீன் உருவிக் கையும் களவுமாக மாட்டியதில் வந்த பேர் அது. பேர் வந்ததற்கு அவன் வெட்கப்பட்டதில்லை.

அவர் நேராக அவன் படகுக்குப் போனார்.

“வலை எங்கடா?”

“எந்த வலைண்ணே? என் வலை இங்க காயுது. உங்க வலைய நீங்கதான் எங்கயோ ஒளிச்சு வெப்பீங்க. எங்களுக்கெல்லாம் காட்டுவீங்களா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“விடியறதுக்குள்ள அந்தப் பக்கம் உன் படகு நின்னுச்சு. பாத்தவங்க இருக்காங்க.”

“நின்னேன். விரால் இருக்குதான்னு கேக்கப் போனேன். தூங்குறோம், அப்புறம் வான்னு சொல்லிடுச்சு.”

“சிரிக்காத.”

“சிரிக்காம அழவா அண்ணே? நான் எடுக்கல. எடுத்தா எடுத்தேன்னு சொல்றவன் நான். அன்னைக்கு மாட்டினப்போகூட இல்லேன்னு சொன்னேனா?”

சங்கத் தலைவர் தராசை விட்டு எழுந்து வந்தார். கையிலிருந்த மீன் செதிலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “அண்ணே, யோசிச்சுப் பேசுங்க” என்றார். “வலை எடுத்தவன் படகு கவிழும். பொய்யா ஒருத்தன் பேரச் சொன்னாலும் சொன்னவன் படகு கவிழும். ரெண்டும் அடுத்த மழை வரைக்கும். உங்களுக்குத் தெரியாதது இல்ல.”

“நான் முன்னால நின்னு போட்ட சட்டம்தானே. கவிழட்டும். இவன் படகு கவிழட்டும்.”

படகைக் கவிழ்ப்பது என்றால் கரையேற்றி, குப்புறப் போட்டு, துடுப்பைச் சங்கக் கொட்டகையில் பூட்டி வைப்பது. அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆள் யார் படகிலும் ஏறக் கூடாது.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீயும் படகுல இருந்தியே. வழக்கமான இடத்துலதான் போட்டீங்களா?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நீர்க்காக்கையும் பார்த்தான். அவன் கையிலிருந்த டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அவர் சொல்ற இடத்துல நிறுத்துவேன்” என்றாள். “எனக்கு முதுகு அந்தப் பக்கம்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் பிற்பாடு அவளை அரித்தது. பொய் சொல்லியிருந்தால்கூட, சொன்னோம் என்று ஒரு இடத்தில் நின்றிருக்கலாம். உண்மையை வைத்து ஒளிந்துகொண்டாள். ஆமாம் என்று அவள் சொன்னதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

“வாரக் கடைசி ஏலம் முடிஞ்சதும் உக்காந்து பேசிடலாம்” என்றார் தலைவர். “அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயக் கட்டுங்க.”

“எனக்குக் கட்ட முடியாதுங்க தலைவரே, ஓட்டை வாய்” என்றான் நீர்க்காக்கை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

*

அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து பழைய வலை ஒன்றைச் சரி செய்துகொண்டிருந்தார். வேறு வலை இல்லாததால் அதைத்தான் இறக்க வேண்டும். ஊசி முன்னும் பின்னும் போய் வந்தது. விரல்கள் வேகமாகத்தான் வேலை செய்தன. அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்து பார்த்தபோது, கிழிந்த இடத்தைத் தாண்டியும் அவர் பின்னிக்கொண்டே போயிருந்தார். வலைக்கண்களை ஒவ்வொன்றாக அடைத்து, ஒரு கை அகலத்துக்குச் சாக்குத் துணி மாதிரி ஆக்கியிருந்தார்.

“போதும், வெளிச்சம் போயிடுச்சு. குடிங்க” என்று வலையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அவர் கஞ்சியை ஊதிக் குடித்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

“சூளையில ரெண்டு நாளா புகையே காணோம். லீவு விட்டுட்டானா?”

அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து பழகியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

“ஆமாங்க, லீவு” என்றாள்.

“செங்கல் விக்கல போல. பாவம்.”

“ஆமா.”

“அந்தப் புகைபோக்கி மட்டும் இல்லேன்னு வெச்சுக்கோ, நான் குருடன்தான்” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குரலில் வருத்தம் இல்லை. இரவல் வாங்கிய பொருளைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

மகளுக்குப் போன் பண்ணலாம் என்று நினைத்தாள். பண்ணினால் மகள் வந்துவிடுவாள். வந்து, டாக்டரிடம் கூட்டிப்போய், கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப்போய், ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் இருக்கும். படகில் ஏறினால் இன்னமும் அவர் முகத்தில் ஒரு ஆள் இருந்தார். முகவாயை அசைக்கிற, அவளை அதட்டுகிற ஆள். படகை எடுத்துவிட்டால் அந்த ஆள் எங்கே உட்காருவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நீர்க்காக்கையின் படகு கவிழ்ந்தால் அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். நினைத்ததும் தன் மீதே ஒரு அருவருப்பு வந்தது. வந்தாலும் அந்த நினைப்பு போகவில்லை.

*

மறுநாள் ஐஸ் கொட்டகையில் மீன் தரம் பிரிக்கும்போது நீர்க்காக்கையின் பெண்டாட்டி அவளுக்கு எதிரே வந்து குந்தினாள். கேட்காமலே ஒரு கூடையை இழுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். சின்னது இந்தப் பக்கம், பெரியது அந்தப் பக்கம்.

“அக்கா, எங்க ஆள் திருடன்தான். நான் இல்லேங்கல” என்றாள், கையை நிறுத்தாமல்.

இவள் கூடையிலிருந்து அடுத்த மீனை எடுத்தாள்.

“கல்யாணத்துக்கு வந்த பந்தல்காரனோட கயித்தத் திருடினான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க வீட்டு டம்ளர் ஒண்ணு குறைஞ்சுது. இன்னைக்கும் அதுலதான் டீ குடிக்கிறான்.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்க, இவளுக்கும் உதடு கோணியது.

“ஆனா எடுத்தா வந்து பெருமை பேசுவான் அக்கா. எப்படி முங்கினேன், எப்படி அவுத்தேன், ஒருத்தனுக்கும் தெரியல பாத்தியான்னு விடிய விடிய கதை சொல்லுவான். என்னத் தூங்க விடமாட்டான். இப்ப ஒண்ணும் சொல்லல. சுவரப் பாத்துப் படுத்துக்கிறான்.” கெண்டை ஒன்றைக் கூடைக்குள் எறிந்தாள். “திருடாத பொருளுக்குத் திருட்டுப் பட்டம் வந்தா அவனுக்கு என்ன செய்றதுன்னு தெரியல. பழக்கமில்ல பாருங்க.”

“நான் என்னம்மா செய்யறது?”

“உங்களச் செய்யச் சொல்லல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.” எழுந்து கையைத் துடைத்தாள். “அண்ணன் பொய் சொல்றவர் இல்ல. அதுதான் எங்களுக்கு வினை. வேற யாரு சொல்லியிருந்தாலும் இந்தக் கரையில ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான்.”

அவள் போன பிறகு கையிலிருந்த மீன் சின்னதா பெரியதா என்று தெரியாமல் இவள் அதைப் பிடித்தபடியே இருந்தாள்.

*

ஏலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அவள் பாதாளக்கரண்டியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தனியாகப் படகை அவிழ்த்தாள். கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. தலைவர் மட்டும் கொட்டகைக்குள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டது.

எதிர்ப் பலகை காலியாக இருந்தது. அதில் யாரும் இல்லாமல் அவள் இந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. அவர் முகமும் தோளும் மறைத்திருந்த இடமெல்லாம் இப்போது திறந்து கிடந்தது.

போகிற திசைதான் அவளுக்குத் தெரியாதே தவிர, விட்டு வந்த கரை தெரியும். இத்தனை காலமும் அவருடைய தோளுக்கு மேலே அதைத்தான் பார்த்து வந்திருக்கிறாள். வழக்கமான இடத்தில் நின்றால் ஐஸ் கொட்டகைத் தகரக் கூரைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்த கொம்பு மாதிரி நிற்கும். அன்று சாயங்காலம் அவர் நிறுத்தச் சொன்னபோது கம்பம் கூரையை விட்டு நகர்ந்து, வேப்பமரத்துக்குள் போய்ச் செருகியிருந்தது. அவள் கண் அதைப் பார்த்திருந்தது. பார்த்ததை மனசுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது.

துடுப்புப் போட்டாள். கம்பம் மெல்ல மெல்ல நகர்ந்து கூரையைத் தாண்டியது. வேப்பமரத்தைத் தொட்டது. உள்ளே புகுந்ததும் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மலைப்பள்ளத்துக்கு நேராக, புதிதாக நட்ட கைப்பேசிக் கோபுரம் ஒல்லியாக நின்றது. அந்தி மங்கலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், புகைபோக்கி என்றே நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு அது புகைபோக்கிதான்.

பாதாளக்கரண்டி இறங்கியவுடனே சிக்கியது.

இழுத்தாள். முதலில் ஈயக்குண்டுகள் வந்தன, பிறகு வலை. பிறகு நாற்றம். கெண்டையும் கெளுத்தியும் வயிறு ஊதி, கண் வெளுத்துக் கிடந்தன, தொட்டால் தோல் கையோடு வந்தது. நடுநடுவே உயிரோடும் சில மீன்கள் இருந்தன, செத்தவற்றைத் தின்ன வந்து மாட்டிக்கொண்டவை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பாதி வலையை உள்ளே இழுத்துப் போட்டாள். அதோடு கை ஓய்ந்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. விட்டுவிட்டால் வலை அடிக்குப் போய்விடும். நாளைக்கு நீர்க்காக்கையின் படகு கவிழும். மழை வந்தால் நிமிரும். இவருடைய கண்ணும் முகவாயும் இன்னும் கொஞ்ச காலம் எதிர்ப் பலகையில் இருக்கும். இனி சாயங்காலங்களில் அவர் எங்கே நிறுத்தச் சொன்னாலும் கம்பத்தைப் பார்த்து அவளே சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அவருக்குத் தெரியவே வேண்டாம்.

கையைத் தளர்த்தினாள். வலை சரசரவென்று படகின் விளிம்பைத் தாண்டி இறங்கியது. ஈயக்குண்டு ஒவ்வொன்றும் மரத்தில் தட்டிவிட்டுப் போயிற்று.

கேட்பாரில்லாத வலை சும்மா கிடக்காது. அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். மாட்டினது செத்து நாறும். அந்த நாற்றத்துக்கு இன்னொன்று வரும். நைலான் மக்காது. அவளும் அவரும் போன பிறகும் இந்தத் தண்ணீருக்கடியில் அவர் போட்ட வலை பிடித்துக்கொண்டே இருக்கும்.

அவள் எழுந்து, இறங்கிக்கொண்டிருந்த வலையை இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அழுகை வந்ததா மூச்சு வாங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தத்தோடு கடைசி முழம் வரைக்கும் இழுத்துப் போட்டாள்.

*

கரைக்கு வரும் முன்பே நாற்றம் கரைக்கு வந்துவிட்டது. கொட்டகையிலிருந்து தலைவரும், வீடுகளிலிருந்து மீன் பிரிக்கிற பெண்களும், எங்கிருந்தோ நீர்க்காக்கையும் வந்து நின்றார்கள். அவர் தூக்கம் கலைந்து அவளைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தார்.

“எங்க போயிட்ட தனியா?” என்றவர் வலையைப் பார்த்து முகம் சுளித்தார். “யாரு வலை இது? எந்தப் பாவி இப்படி ஊற விட்டான்?”

அவர் வலையின் ஓரத்தைத் தூக்கி, கட்டை விரலால் முடிச்சுகளைத் தடவிக்கொண்டே போனார். “வேலை தெரிஞ்சவன்தான். நல்லா இறுக்கிப் போட்டிருக்கான்” என்றார். ஒரு முடிச்சில் விரல் நின்றது. மறுபடியும் அதைத் தடவினார். அவர் அவளைப் பார்த்தபோது அந்த முகம் முழுக்கத் தெளிந்திருந்தது. மத்தியான வெயில் இன்னும் சாயவில்லை.

“எங்க கிடந்துச்சு?”

அவள் துடுப்பைப் பிடித்தபடி பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். “புகைபோக்கிக்கு நேரா” என்றாள்.

அவர் திரும்பி அக்கரையைப் பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நிதானமாகத் தேடினார். தண்ணீர்த்தொட்டி இருந்தது, கோபுரம் இருந்தது, மலை இருந்தது.

“அத இடிச்சாச்சே” என்றார்.

“ஆமாங்க.”

“நானா சொன்னேன்?”

அவள் தலையாட்டினாள்.

அவர் தண்ணீரிலேயே நின்றார். அப்புறம் படகுக்குள் கையை விட்டுத் துடுப்புகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“அண்ணே, விடுங்க. வலை கிடைச்சிடுச்சுல்ல” என்றார் தலைவர். “இத யாரு பெருசு பண்ணப் போறா?”

“பேரு சொன்னது நான்தானே. பிடி.”

நீர்க்காக்கை எதையோ சொல்ல வாயெடுத்தான். கேலி எதுவும் வரவில்லை போல. “உடம்புக்கு முடியாதவருக்கு ஏதுண்ணே சட்டம்?” என்று மட்டும் சொன்னான்.

“என்ன மாதிரி ஆளுக்குத்தான்டா சட்டம்” என்றார் அவர். “உன்ன மாதிரி இருக்கறவன் எங்க வலை போட்டோம்னாவது தெரிஞ்சு வெச்சிருப்பான். வா, ஒரு பக்கம் பிடி.”

நாற்றமடிக்கிற வலையைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுப் படகை மேட்டில் ஏற்றினார்கள். அவர் ஒரு பக்கம் தோள் கொடுத்தார், நீர்க்காக்கை மறுபக்கம். அவளும் கை வைத்தாள். படகு ஒரு கணம் விளிம்பில் நின்று பிறகு குப்புற விழுந்தது. அடிப்பலகையில் ஒட்டியிருந்த பாசியிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, வீட்டு வேலையை முடித்தவர் போல, கையைத் தட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் அவளைத் திட்டவில்லை. “நீயும் ஒரு நேர் வெச்சிருந்தியா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றாள். என்ன நேர் என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வெயில் இறங்கியது. காற்று திசை மாறியது. அவள் உள்ளே கையை மறுபடி மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் அவர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. செருப்பைத் தேடுகிற சத்தம். வெளியே வந்தாள்.

அவர் கரைப் பக்கம் கையை நீட்டியபடி நின்றார்.

“அங்க பாரு. நம்ம படகு. எவனோ கவுத்துப் போட்டிருக்கான்.”

“உள்ள வாங்க, பனி இறங்குது.”

“நீர்க்காக்கைதான். அவன்தான் செஞ்சிருப்பான். இன்னைக்கு அவன விட்டேனா பாரு.” படியிலிருந்து இறங்கினார்.

அவள் குறுக்கே போய் எதிரே நின்றாள். படகில் உட்காரும்போது இருக்கிற அதே தூரத்தில் அந்த முகம் இருந்தது. அதில் அவளுக்குப் பழக்கமான எதுவும் இல்லை.

“அவன் இல்லீங்க” என்றாள். “நான்தான் கவுத்தேன்.”

அவர் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

“நீயா?”

“ஆமா.”

“எதுக்கு?”

அதற்கும் சொல்லிப் பார்த்தாள். வலை, நாற்றம், சட்டம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு, திருட்டுக் கொடுத்தவன் திருடியவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி உள்ளே போய், அவள் படுக்கிற இடத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

காலையில் அவருக்கு இது நினைவிருக்காது. சாயங்காலம் மறுபடியும் கேட்பார். மழைக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் விளக்கைப் போட்டு, அவருக்குச் சோறு எடுத்து வைத்தாள்.